வாழைப்பூ கறையும் துப்பாக்கிக் கட்டையும்... மரத்துக்கு நினைத்த நிறம் வருவது எப்படி?

வட சென்னையின் பழைய தெருக்களில் ஒரு வீடு இடிபடப்போகிறது என்றால், செங்கல்லுக்கு முன்னால் விலை பேசப்படுவது கதவும் நிலையும்தான். திருவொற்றியூர், காலடிப்பேட்டை, ராயபுரம் பக்கம் இது வழக்கமான காட்சி. தாத்தா காலத்துத் தேக்குக் கதவு லாரியில் ஏறிப் பழைய மரக்கடைக்குப் போகும். சில குடும்பங்களில் மட்டும் யாராவது ஒருவர் குறுக்கே வந்து நிற்பார். 'அந்தக் கதவை மட்டும் கொடுக்க வேண்டாம், புதுவீட்டுக்கு அதையே மாட்டிக்கலாம்' என்பார்.

உண்மையான சிக்கல் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. கதவின் மேல் நாலைந்து அடுக்கு பெயின்ட் இருக்கும். அதைச் சுரண்டினால் உள்ளே என்ன நிறம் வரும்? புதுவீட்டு அலமாரியின் நிறத்துக்கு இந்தக் கதவைக் கொண்டுவர முடியுமா? அவசரப்பட்டு ஒரு கோட்டிங் தவறாக அடித்துவிட்டால், எண்பது வருடம் வெயிலும் கைகளும் பட்டு ஏறிய நிறம் ஒரே நாளில் போய்விடும். அதைத் திரும்பக் கொண்டுவர எந்தக் கடையிலும் டப்பா கிடைக்காது.

மரத்துக்கு நினைத்த நிறத்தைக் கொண்டுவருவது சுவருக்குப் பெயின்ட் அடிப்பது போன்ற வேலை அல்ல. சுவருக்கு நிறம் வெளியிலிருந்து வருகிறது. மரத்துக்கு நிறத்தில் பாதி உள்ளிருந்து வருகிறது. இதை நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் உலகத்தில் இரண்டு பேர். ஒருவர், துப்பாக்கியின் மரக்கட்டைக்கு நிறமேற்றிய அமெரிக்கக் கொல்லர். இன்னொருவர், துணிக்குக் கறுப்பு ஏற்றிய நம் சோழமண்டலக் கரையின் சாயக்காரர். இந்த இரண்டு பேரையும் ஒன்றாக நினைத்துப் பார்க்க காலடிப்பேட்டையைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது!

காலட் துரையின் பேட்டை

காலடிப்பேட்டை என்றதும் யாரோ ஒரு மகானின் காலடி பட்ட ஊர் என்றுதான் பலரும் நினைப்பார்கள். பெயரின் பின்னால் இருப்பவர் ஓர் ஆங்கிலேயர். 1717 முதல் 1720 வரை சென்னையின் கவர்னராக இருந்த ஜோசப் காலட். நெசவாளர்களைக் குடியமர்த்தி அவர் உருவாக்கிய குடியிருப்புதான் 'காலட் பேட்டை'. தமிழ் நாக்கில் புரண்டு புரண்டு அது காலடிப்பேட்டை ஆகிவிட்டது.

இங்குள்ள கல்யாண வரதராஜப் பெருமாள் கோயிலுக்கும் அவர் பெயரோடு சேர்ந்த ஒரு கதை உண்டு. கம்பெனியில் வேலை பார்த்த வீரராகவர் என்பவர் தினமும் காஞ்சிபுரம் வரதராஜரைச் சேவித்துவிட்டுத்தான் வேலைக்கு வருவாராம். அவருடைய பக்தியைப் பார்த்து வியந்த காலட், பெருமாளை இங்கேயே எழுந்தருளச் செய்தார் என்று ஊரில் வழிவழியாகச் சொல்கிறார்கள்.

நெசவு இருந்த இடத்தில் சாயமும் இருக்கும். அந்தக் காலத்தில் கம்பெனிக் கப்பல்கள் சோழமண்டலக் கரைக்கு வந்ததே வண்ணத் துணிகளுக்காகத்தான். துவைத்தாலும் போகாத நிறம் என்பது அன்றைய ஐரோப்பாவுக்கு அதிசயம். அந்த அதிசயத்தின் ரகசியத்துக்குப் பிறகு வருவோம். முதலில், இதே வட்டாரத்தில் இருக்கும் துப்பாக்கியைப் பார்த்துவிடலாம்.

திருவொற்றியூரில் துப்பாக்கியா?

காலடிப்பேட்டையிலிருந்து வடக்கே போனால் திருவொற்றியூர். இந்திய 'புல்லட்' பிறந்த ஊர். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் கைகோத்து 'என்ஃபீல்டு இந்தியா' தொடங்கப்பட்டது. அதன் தொழிற்சாலை இங்கேதான் வளர்ந்தது. அந்த வண்டியின் பழைய சின்னத்தைக் கவனித்திருக்கிறீர்களா? அதில் ஒரு பீரங்கி இருக்கும். 'துப்பாக்கி போலச் செய்யப்பட்டது' என்பதுதான் கம்பெனியின் பழைய விளம்பர வாசகம்.

காரணம் இருக்கிறது. என்ஃபீல்டு என்பது லண்டனுக்கு வடக்கே உள்ள ஓர் ஊர். பிரிட்டிஷ் அரசின் துப்பாக்கித் தொழிற்சாலை அங்கேதான் இருந்தது. 1890-களில் ரெட்டிச் என்ற ஊரில் சைக்கிள் செய்துகொண்டிருந்தவர்களுக்கு, அந்தத் தொழிற்சாலைக்கு உதிரிபாகங்கள் செய்து கொடுக்கும் ஒப்பந்தம் கிடைத்தது. அந்தப் பெருமையில் சைக்கிளுக்கும் 'ராயல் என்ஃபீல்டு' என்று பெயர் வைத்தார்கள். சைக்கிள் பிறகு மோட்டார் சைக்கிள் ஆனது.

என்ஃபீல்டு என்ற பெயரை நம் வரலாற்றுப் பாடமும் மறக்காது. 1857-ல் சிப்பாய்கள் கொதித்தெழக் காரணமான, கொழுப்பு தடவிய தோட்டாக்கள் 1853 மாடல் என்ஃபீல்டு ரைஃபிளுக்காக வந்தவை. பிறகு வந்த 'லீ என்ஃபீல்டு' 303 ரைஃபிள், இரண்டு உலகப்போர்களைப் பார்த்துவிட்டு நம் ஊர்க் காவலர்களின் தோளிலும் பல பத்தாண்டுகள் தொங்கியது.

அந்த ரைஃபிள்களில் இரும்புக் குழாயைத் தாங்கி நிற்பது மரக்கட்டை. பெரும்பாலும் வால்நட் மரம். மழை, சேறு, வியர்வை எல்லாம் பட்டாலும் கட்டை ஊறிக் கோணிவிடக் கூடாது. கட்டை கோணினால் குறியும் தப்பும். அதனால் சிப்பாய்கள் ஆளிவிதை எண்ணெயைக் கட்டையில் தேய்த்துத் தேய்த்து ஏற்றுவார்கள். எண்ணெய் உள்ளே இறங்கி, காற்றுபட்டு இறுகி, மரத்துக்குள்ளேயே ஒரு கவசம் ஆகிவிடும். பழைய 303 ரைஃபிள்களின் கட்டையில் தெரிகிற கருஞ்சிவப்புப் பளபளப்பில் பல வருட எண்ணெயும் பலருடைய உள்ளங்கைச் சூடும் சேர்ந்திருக்கின்றன.

புலிக்கோடு போட்ட மரம்

துப்பாக்கிக் கட்டைகளில் அழகில் முதலிடம் வால்நட்டுக்கு அல்ல என்று சொல்பவர்கள் அமெரிக்காவில் உண்டு. அவர்களுடைய ராணி, 'சுருள் மேப்பிள்'. கனடா நாட்டுக் கொடியில் இலை இருக்கிறதே, அந்த மேப்பிள் குடும்பம்தான். சில மேப்பிள் மரங்களில் நார்கள் நேராக ஓடாமல் அலை அலையாக வளைந்து வளைந்து ஓடும். அறுத்து இழைத்தால், புலியின் உடம்பில் இருப்பதுபோல் குறுக்குக் கோடுகள் தெரியும். கட்டையைச் சாய்த்துப் பார்த்தால் பட்டுப்புடவையின் பளபளப்பு போல அந்தக் கோடுகள் இடம் மாறும். வயலினின் பின்பலகையில் தெரிவதும் பெரும்பாலும் இதே கோடுகள்தான்.

18-ம் நூற்றாண்டில் ஜெர்மனியிலிருந்து பென்சில்வேனியாவுக்குக் குடியேறிய துப்பாக்கிக் கொல்லர்கள், நீளக் குழாய் ரைஃபிள்களுக்கு இந்த மரத்தைத்தான் விரும்பினார்கள். ஒரே சிக்கல், மேப்பிளின் சொந்த நிறம் வெளுப்பு. கிட்டத்தட்ட நம் ஊர் பாக்குமட்டைத் தட்டின் நிறம். புலிக்கோடு இருப்பதே தெரியாது.

அவர்கள் கண்டுபிடித்த வழி விநோதமானது. வெடியுப்புத் திராவகத்தில் இரும்புத்தூளைக் கரைத்தார்கள். அந்த நீரைக் கட்டையில் பூசினார்கள். பூசியதும் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஆனால் பழுக்கக் காய்ச்சிய இரும்பை மரத்தின் மேல் படாமல் அருகில் காட்டிக்கொண்டே போனால், சூடு பட்ட இடமெல்லாம் கண்ணெதிரே செம்பழுப்பாக மாறும்! நார் வளைந்து மேலெழும் இடங்கள் நீரை அதிகம் குடித்திருக்கும். அங்கெல்லாம் நிறம் அடர்த்தியாகும். மற்ற இடங்கள் வெளிறி நிற்கும். ஒளிந்திருந்த புலி வெளியே வந்துவிடும். அதன் பிறகு, மிச்சமிருக்கும் அமிலத்தைச் சோடா உப்பு நீரால் முறித்துவிட்டு, எண்ணெயோ வார்னிஷோ ஏற்றுவார்கள்.

இங்கே நிறம் டப்பாவில் இருக்கவில்லை. இரும்பும் சூடும் மரமும் சந்தித்த இடத்தில் அது பிறந்தது.

வாழைப்பூ சொல்லும் அறிவியல்

இதைப் புரிந்துகொள்ள அமெரிக்கா போக வேண்டியதில்லை, சமையலறைக்குப் போனால் போதும். வாழைப்பூ நறுக்கினால் கையும் அரிவாள்மனையும் கறுத்துப்போகின்றன. நெல்லிக்காயை இரும்புச்சட்டியில் வேகவைத்தால் மை மாதிரி கறுக்கிறது. இவற்றில் துவர்ப்பு இருக்கிறது. துவர்ப்புக்குக் காரணமான 'டானின்', இரும்போடு சேர்ந்தால் கறுப்பு பிறக்கும்.

பழைய கதவுகளில் ஆணி அடித்த இடத்தைச் சுற்றி மட்டும் ஒரு கறுப்பு வட்டம் இருக்குமே... அதுவும் இதேதான். மழைநீர் பட்டு ஆணியின் இரும்பு கரைந்து, மரத்தின் துவர்ப்போடு சேர்ந்து எழுதிய கையெழுத்து அது. கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து அந்தக்காலத்தில் மை தயாரித்ததும் இந்தக் கணக்கில்தான். அன்னபேதி என்பது இரும்பின் உப்பு.

சோழமண்டலக் கரைச் சாயக்காரர்களின் ரகசியமும் இதுவே. துணியை முதலில் கடுக்காய் நீரில் நனைப்பார்கள். இரும்புத்துண்டுகளை வெல்லத் தண்ணீரில் பல நாள் ஊறவைத்து, புளித்த அந்த நீரால் கோடு வரைவார்கள். கடுக்காய் ஏறிய துணியில் இரும்பு நீர் பட்டதும் அழியாத கறுப்பு! கலம்காரித் துணிகளில் இன்றும் கறுப்புக் கோடுகள் இப்படித்தான் பிறக்கின்றன. ஓர் ஊர் துணிக்குச் செய்ததை, கடலுக்கு அந்தப் பக்கத்து ஊர் மரத்துக்குச் செய்தது. இரண்டு பேருக்கும் கை கொடுத்தது இரும்பு.

நம் வீட்டு மரம் என்ன நிறம்?

மேப்பிள் நம் ஊரில் கிடையாது. ஆனால் பாடம் பொதுவானது. முதலில் மரத்தின் குணம் தெரிய வேண்டும்.

தேக்கைப் புதிதாக அறுக்கும்போது பச்சையும் பழுப்புமாகத் திட்டுத்திட்டாக இருக்கும். பயந்துவிட வேண்டாம். சில நாள் வெளிச்சம் பட்டாலே தங்கப்பழுப்பாகச் சமமாகிவிடும். பலாமரம் அறுத்த புதிதில் மஞ்சள். வருடம் போகப் போகச் செம்பழுப்பாகும். தஞ்சாவூர் வீணையின் அந்தக் கனிந்த நிறத்தில் பாதி பலாமரத்தின் சொந்த முதுமைதான். பலாமரத்தின் வைரப்பகுதியிலிருந்து எடுத்த சாயத்தில்தான் புத்த பிட்சுகளின் அங்கிக்கு நிறமேற்றினார்கள் என்றால், அதற்குள் எவ்வளவு நிறம் இருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். வேங்கையை வெட்டினால் ரத்தம்போலச் சிவப்புப் பிசின் வரும். ஈட்டிக்கு நிறமேற்றவே தேவையில்லை. பாலிஷ் மட்டும் போதும்.

இன்று மலிவாகக் கிடைக்கும் ரப்பர் மரம், மேப்பிள் மாதிரி வெளுத்த சாதி. கடையில் 'வால்நட் நிறம்' என்று விற்கும் நாற்காலிகள் பல, நிறமேற்றிய ரப்பர் மரம். அதில் தப்பில்லை. ஆனால் நல்ல தேக்குக்கு மேல் அதே அடர்நிற ஸ்டெயினை அடித்து, நார்களே தெரியாமல் மூடிவிடுவதுதான் வருத்தம்.

கதவில் கை வைப்பதற்கு முன்...

பழைய கதவுக்கு உயிர் கொடுக்க நினைப்பவர்களுக்கு, வேலை தெரிந்த பாலிஷ்காரர்கள் பின்பற்றும் வரிசை இதுதான். ஆள் வைத்துச் செய்தாலும், எது சரி எது தப்பு என்று கவனிக்க இது உதவும்.

முதல் வேலை, ஈரத்துணி. பெயின்ட் இல்லாத இடத்தில் ஈரத்துணியால் ஒரு முறை துடையுங்கள். ஈரம் இருக்கும்போது தெரிகிற நிறம்தான், எந்தச் சாயமும் இல்லாமல் வெறும் பாலிஷ் போட்டால் கிட்டத்தட்ட வரப்போகும் நிறம். பல நேரம், 'இதுவே நன்றாக இருக்கிறதே' என்று அங்கேயே முடிவு எடுத்துவிடலாம்.

அடுத்து, உப்புத்தாள். 120-ம் நம்பரில் ஆரம்பித்து 180, 220 என்று போக வேண்டும். எப்போதும் நார் ஓடும் திசையில்தான் தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்த கீறல் அப்போது கண்ணுக்குத் தெரியாது. ஸ்டெயின் பட்டதும் கோடு கோடாகப் பல்லிளிக்கும். ஒட்டுப்பலகை அலமாரியாக இருந்தால் இன்னும் ஜாக்கிரதை. மேலே இருக்கும் தேக்கு, தாள் கனத்துக்கு ஒட்டிய சீவல்தான். நாலு தேய் கூடுதலாகத் தேய்த்தால் உள்ளே இருக்கும் வெள்ளை மரம் எட்டிப் பார்க்கும்.

மூன்றாவது, தண்ணீர் வைத்தியம். தேய்த்து முடித்த மரத்தை லேசாக நனைத்துக் காயவிட்டால், நசுங்கிக்கிடந்த நார்கள் மீசைபோல நட்டுக்கொள்ளும். அவற்றை மெல்லத் தேய்த்து எடுத்துவிட்டால், பிறகு சாயமோ பாலிஷோ பட்டாலும் சொரசொரப்பு வராது. துப்பாக்கிக் கட்டைக்காரர்கள் இதை இரண்டு மூன்று முறைகூடச் செய்வார்கள்.

நான்காவது, ஒத்திகை. கதவின் மேல் விளிம்பு யார் கண்ணிலும் படாத இடம். அல்லது அதே மரத்தின் துண்டு ஒன்று. அதில் சாயம், அதன் மேல் பாலிஷ் என்று கடைசி கோட்டிங் வரை போட்டுப் பார்க்க வேண்டும். சாயத்தை மட்டும் பார்த்து முடிவு எடுத்தால் ஏமாந்துவிடுவோம். பாலிஷ் ஏறியதும் நிறம் ஒரு படி அடர்ந்துவிடும். அதைப் பகல் வெளிச்சத்தில் ஒரு முறை, கதவு மாட்டப்போகும் இடத்து விளக்கில் ஒரு முறை பார்க்க வேண்டும். வாசலில் தேன் நிறமாக இருப்பது, வெள்ளை எல்.இ.டி வெளிச்சத்தில் வேறு நிறமாகத் தெரியும்.

ஐந்தாவது, நீர்க்கச் சாயம். அடர்நிறம் வேண்டும் என்றாலும் முதல் கை மெலிதாகத்தான் இருக்க வேண்டும். கூட்டுவது சுலபம். குறைப்பது மறுபடி உப்புத்தாளில் கொண்டுபோய் விடும். புலிக்கோடு போன்ற அழகான நார் உள்ள மரத்தில் ஒரு நுட்பம் உண்டு. முதலில் அடர்நிறச் சாயம் பூசி, காய்ந்ததும் மேலாகத் தேய்த்து எடுத்துவிடுவார்கள். நார் வளைந்த இடங்களில் மட்டும் அடர்நிறம் தங்கும். அதன் மேல் தேன் நிறம் ஏற்றினால், கோடுகள் மரத்துக்குள்ளிருந்து எழுந்து வருவதுபோல இருக்கும்.

வீட்டில் சின்ன ஸ்டூலோ படச்சட்டமோ வைத்துப் பழகிப் பார்க்க விரும்புபவர்களுக்கு, ஆபத்து குறைந்த ஒரு பரிசோதனை. துருப்பிடித்த ஆணிகளை வினிகரில் சில நாள் ஊறவிடுங்கள். பாட்டிலை இறுக்கி மூடாதீர்கள், உள்ளே வாயு உண்டாகும். ரப்பர் மரம் போன்ற வெளுத்த மரத்தில் முதலில் கடுந்தேநீரை, பால் சர்க்கரை இல்லாமல்தான், பூசிக் காயவிடுங்கள். பிறகு அந்த ஆணித்தண்ணீரை வடிகட்டிப் பூசுங்கள். சற்று நேரத்தில் மரம் சாம்பலாகி, கறுப்பை நோக்கிப் போகும். தேநீர் பூசாத இடத்தில் நிறம் மங்கலாகவே நிற்கும். பள்ளிப் பிள்ளைகளுக்கு வேதியியல் பாடத்தை இதைவிட நன்றாகச் சொல்லித்தர முடியாது.

பூச்சி கொடுக்கும் பளபளப்பு

நிறம் வந்தாயிற்று. அதைக் காப்பாற்ற வேண்டுமே? இங்கே வருகிறது அரக்கு. மகாபாரதத்தில் பாண்டவர்களை எரிக்கத் துரியோதனன் கட்டினானே, அந்த அரக்கு மாளிகையின் அரக்கு.

புரசு, இலந்தை போன்ற மரங்களின் சின்னக் கிளைகளில் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும் பூச்சி, தன்னை மூடிக்கொள்ளச் சுரக்கும் பிசின்தான் அரக்கு. ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் காட்டோர மக்களுக்கு இது வருமானம். சுத்தம் செய்து செதில் செதிலாக ஆக்கியதை ஸ்பிரிட்டில் கரைத்தால் 'பிரெஞ்ச் பாலிஷ்'. பெயரில்தான் பிரெஞ்சு. பொருள் நம் நாட்டுப் பூச்சி தந்தது! மாத்திரைகளுக்கும் மிட்டாய்களுக்கும் மேல்பூச்சாக இருப்பதும் இந்த அரக்குதான். அந்தக்கால கிராமபோன் இசைத்தட்டுகளைச் செய்ததும் இதை வைத்துத்தான்.

இதைப் பூசும் விதமே தனி. பிரஷ் கிடையாது. பஞ்சை உள்ளே வைத்து, பலமுறை துவைத்து மெலிந்த வேட்டித் துணியில் முடிச்சு கட்டுவார்கள். அந்த முடிச்சைப் பாலிஷில் நனைத்துப் பிழிந்து, எட்டு எழுதுவது போல மரத்தின் மேல் ஓட்டுவார்கள். கை ஓரிடத்திலும் நிற்கக் கூடாது. நின்றால், ஏற்கெனவே போட்டது கரைந்து முடிச்சோடு வந்துவிடும். ஒரு கோட்டிங் ஒரு தாளின் கனம்கூட இருக்காது. இப்படிப் பல கோட்டிங். நடுநடுவே காய்ச்சல், நடுநடுவே தேய்ப்பு. பளபளப்பு மேலே நிற்காமல் உள்ளேயிருந்து வருவதுபோலத் தெரிவதற்கு இந்தப் பொறுமைதான் காரணம்.

இன்று பெரும்பாலான இடங்களில் மெலமைன், பி.யு என்று ஸ்ப்ரே பாலிஷ் வந்துவிட்டது. தண்ணீருக்கும் சூட்டுக்கும் அது கெட்டி என்பது உண்மை. சூடான காபி டம்ளரை வைத்தால் அரக்குப் பாலிஷில் வெள்ளை வட்டம் விழும். ஆனால் அரக்கில் ஒரு பெரிய நன்மை இருக்கிறது. பத்து வருடம் கழித்துக் கீறல் விழுந்தால், அந்த இடத்தை மட்டும் ஸ்பிரிட் முடிச்சால் சரிசெய்துவிடலாம். பழையதும் புதியதும் கரைந்து ஒன்றாகிவிடும். பி.யு உரிந்தால் பெரும்பாலும் முழுவதையும் தேய்த்து எடுக்க வேண்டியதுதான். வாசற்கதவின் வெளிப்பக்கத்துக்குப் பி.யு, உள்வீட்டு ஊஞ்சலுக்கும் பீரோவுக்கும் அரக்கு என்று பிரித்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

கடற்காற்றும் ஐப்பசி மழையும்

காலடிப்பேட்டை போன்ற கடலோர ஊரில் இன்னொரு எதிரி, காற்றின் ஈரம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அரக்குப் பாலிஷ் போட்டால், ஸ்பிரிட் வேகமாக ஆவியாகும்போது மேல்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படியும். பாலிஷ் பால்போல வெளுத்துப் போகும். வேலை தெரியாதவர் என்று பாலிஷ்காரரைத் திட்டுவதில் பயனில்லை. தவறு நாளில் இருக்கிறது. தை முதல் பங்குனி வரை உள்ள வறண்ட நாள்கள், காலை வெயில் ஏறிய பிறகு, இவைதான் நல்ல நேரம். லாரிகள் ஓடும் சாலையோர வீடு என்றால், காய்வதற்குள் தூசி படியாமல் இருக்க உள்ளறையில் வைத்துச் செய்வது நல்லது.

அழகைவிட முக்கியமானவை

பழைய கதவு என்றால் பழைய பெயின்ட். பழைய பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம் அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2016-ல் கொண்டுவரப்பட்டு, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயின்டைக் காய்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால், ஈயத்தூள் வீடெங்கும் பரவும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிப்பது அது. ஈரப்படுத்திச் சுரண்ட வேண்டும். சுரண்டியதைக் கூட்டிப் பையில் கட்ட வேண்டும். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே வரக் கூடாது.

மரத்தூளும் சாதாரணம் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வரிசையில் வைத்திருக்கிறது. மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு நாள் முழுக்கத் தேய்க்கும் தொழிலாளர்களுக்கு நல்ல முகக்கவசம் வாங்கிக் கொடுப்பது, வீட்டுக்காரர் செய்யக்கூடிய மிகச் சின்ன மரியாதை. ஸ்பிரிட்டும் தின்னரும் ஆவியாகும் அறையில் ஜன்னல் திறந்திருக்க வேண்டும், அடுப்போ சாமி விளக்கோ எரியக் கூடாது.

இன்னொன்று பலருக்குத் தெரியாதது. ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போட்டால், அது தானாகவே தீப்பற்றும்! அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து இறுகும்போது சூட்டை வெளிவிடும். கசங்கிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் கூடிக்கொண்டே போகும். ஒட்டி ஒட்டி வீடுகள் இருக்கும் தெருவில் இது விளையாட்டில்லை. வேலை முடிந்ததும் துணியை வெளியில் விரித்துக் காயப்போட வேண்டும். அல்லது தண்ணீர் ஊற்றிய தகர டின்னில் போட்டு மூட வேண்டும்.

துப்பாக்கிக் கொல்லர்களின் திராவக முறையை வீட்டில் முயலவே வேண்டாம். இரும்பு கரையும்போது எழும் செம்பழுப்புப் புகை நுரையீரலைக் கெடுக்கும். வாழைப்பூவும் தேநீரும் போதும், அறிவியல் தெரிந்துகொள்ள!

மிச்ச நிறத்தைக் காலம் தரும்

நினைத்த நிறத்தைத் துல்லியமாகக் கொண்டுவந்துவிட்டோம் என்று மகிழும்போது ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மரம் அந்த நிறத்திலேயே நிற்காது. வெளிச்சம் படப் படத் தேக்கு கனியும், பலா சிவக்கும், கைபடும் இடம் மட்டும் தனியாகக் கறுக்கும். அதனால் அனுபவசாலிகள் வேண்டிய நிறத்துக்கு ஒரு படி குறைவாகவே நிறுத்திவிடுவார்கள். மிச்ச ஒரு படியைக் காலம் ஏற்றிக்கொள்ளும்.

இன்றைய துப்பாக்கிகளில் மரக்கட்டையின் இடத்தை பாலிமர் பிடித்துவிட்டது. அதற்கு எண்ணெய் தேவையில்லை, நிறமேற்ற வேண்டியதில்லை, முதுமையும் கிடையாது. வீட்டுக் கதவுகளிலும் மரம் போல அச்சடித்த தாள் ஒட்டிய பலகைகள் வந்துவிட்டன. பத்து வருடத்தில் அவை உரியும். தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கலாம்.

பழைய தேக்குக் கதவில் தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில் ஓர் இடம் மட்டும் வழவழவென்று கறுத்திருக்கும். மூன்று தலைமுறை கைகள் தள்ளித் திறந்த இடம். கதவைப் புதுப்பிக்கும்போது அந்த இடத்தை மட்டும் தேய்க்காமல் விட்டுவிடச் சொல்லுங்கள். மற்ற நிறங்களையெல்லாம் நல்ல பாலிஷ்காரர் கொண்டுவந்துவிடுவார். அந்த ஒரு நிறம் வர இன்னும் எண்பது வருடம் ஆகும்.